கப்பல் வராத வெள்ளம்: சூரினாம் காட்டு ஸ்லோத்துகளின் மீட்பு வரலாறு

நபி நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாடமாக நடத்தும் நாட்களில் எம் மத்ரஸாவின் இளைய மாணவர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கப்பலில் புலியும் ஆடும் எவ்வாறு ஒன்றாக இருந்தன, யானைக்குத் தீனி போட்டவர் யார் என்பன போன்றவை அவை. சென்ற ஆண்டு ஒரு சிறுவன் மட்டும் வேறொன்று கேட்டான். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்குப் போவதற்கே பொழுதெல்லாம் எடுத்துக்கொள்ளும் ஸ்லோத் என்னும் விலங்கு, வெள்ளம் வருவதற்குள் கப்பலுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? கார்ட்டூன் படம் ஒன்றில் அவ்விலங்கைப் பார்த்திருக்கின்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம்.

இறைமறை கூறாமல் விட்டதை நாம் இட்டு நிரப்புவதில்லை. ஒவ்வோர் இனத்திலும் ஓர் இணையை ஏற்றிக்கொள்ளுமாறு கட்டளை வந்தது என்பதோடு அவ்விடம் நின்றுவிடுகிறது. வெள்ளம் உலகம் முழுவதையும் மூடியதா, நூஹ் நபியின் சமூகம் வாழ்ந்த நிலத்தை மட்டும் மூடியதா என்பதிலும் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதைச் சொல்லி அன்றைய பாடத்தை முடித்தோம். ஆயினும் அக்கேள்வி எம்மை விட்டுப் போகவில்லை. அவ்விலங்கைப் பற்றித் தேடிப் படித்தபோது, ஸ்லோத்துகள் ஆயிரக்கணக்கில் மெய்யாகவே வெள்ளத்தில் சிக்கிய ஒரு வரலாறு கிடைத்தது. அது நடந்தது 1964இல், தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டில். அவ்வெள்ளம் வானிலிருந்து பொழிந்ததன்று. மனிதர் ஒப்பந்தம் எழுதி வரவழைத்தது.

விலங்கின் பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். தமிழில் பலர் இதை 'ஸ்லாத்' என்று எழுதுகின்றனர். எம் போன்றோர் வாயில் அது தொழுகையைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு கலந்துவிடும் என்பதால் 'ஸ்லோத்' என்றே எழுதுகின்றோம். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பொருள் சோம்பல். சூரினாமை ஆண்ட டச்சுக்காரர்களும் தம் மொழியில் அதைச் சோம்பேறி என்றே அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன், இன்னும் ஒரு குறை கூடியிருந்தால் இவ்விலங்கு உயிர் வாழ்ந்தே இருக்காது என்னும் கருத்தை எழுதிவைத்தார். படைத்தவனின் வேலையில் இத்துணை விரைவாகக் குறை கண்டவர், அவ்விலங்கை அதன் காட்டில் இருந்து பார்த்தவர் அல்லர்.

பார்த்தவர்கள் வேறு கூறுகின்றனர். ஸ்லோத்தின் உணவு பெரும்பாலும் இலை. இலையில் சத்துக் குறைவு, செரிக்கவும் கடினம். ஒருவேளை தின்றது முழுமையாகச் செரித்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும். ஆகவே அதன் உடல் மிகக் குறைந்த செலவில் இயங்குமாறு அமைந்துள்ளது. பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த ஆற்றலில் வாழ்வனவற்றுள் அதுவும் ஒன்று. மற்றப் பாலூட்டிகளைப் போல் உடல் வெப்பத்தை ஒரே நிலையில் காத்துக்கொள்ளாமல், வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப ஏறவும் இறங்கவும் விடுகின்றது. அதன் மயிரில் பாசி படிந்து உடல் பச்சையாகத் தோன்றும். மேலே வட்டமிடும் ஹார்ப்பி கழுகின் கண்ணுக்கு அது இலைக்கொத்தாகத் தெரியும். வேகமாக ஓடித் தப்ப முடியாத உயிருக்குக் கண்ணில் படாதிருத்தலே கோட்டை. பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றிற்குக் கழுத்தெலும்பு ஏழு. மூவிரல் ஸ்லோத்திற்கு ஒன்பது வரை உண்டு; தொங்கிய இடத்திலிருந்தே தலையைத் திருப்பி நாற்புறமும் பார்க்கும். கொக்கி போன்ற நகங்களால் உறங்கும்போதும் கிளையை விடாது. தோற்றத்தில் நம் தேவாங்கை நினைவூட்டினாலும் அதனோடு உறவில்லை. அதன் உறவினம் தென்னமெரிக்க எறும்புதின்னியும் ஆர்மடில்லோவும் ஆகும்.

தரைக்கு இறங்கினால் மட்டும் அது எளியது. மூவிரல் ஸ்லோத் வாரம் ஒருமுறை அளவில் கழிவதற்கென்று இறங்கும். அப்போது எழுந்து நடக்க இயலாமல் முன்னங்கைகளால் தன்னை இழுத்துக்கொண்டு செல்லும். ஆனால் வியப்பூட்டும் வகையில் நன்றாக நீந்தும். அதன் வாழ்வு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சூரினாம் நம் வாசகர்கள் பலருக்குப் பழக்கமில்லாத நாடு. பிரேசிலுக்கு வடக்கே, அட்லாண்டிக் கடலோரம், பிரிட்டன் ஆண்ட கயானாவுக்கும் பிரெஞ்சுக் கயானாவுக்கும் இடையில் உள்ளது. 1975இல் டச்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்றும் காடு. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்விகிதம் இல்லை. மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் முஸ்லிம். 1873 முதல் இந்தியாவிலிருந்தும் 1890 முதல் ஜாவாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஜாவாவில் கிப்லா, நம் ஊரில் போலவே, மேற்கே. அங்கிருந்து வந்தவர்கள் சூரினாமிலும் மேற்கு நோக்கியே தொழுதனர். பள்ளிகளையும் அவ்வாறே கட்டினர். மக்கா அங்கிருந்து கிழக்கே உள்ளது என்று பின்னாளில் சிலர் எடுத்துரைத்தபோது, மேற்குத் தொழுகையாளர் என்றும் கிழக்குத் தொழுகையாளர் என்றும் சமூகம் இரண்டாகப் பிரிந்தது. இது வேறொரு கட்டுரைக்குரிய பொருள், இங்கு நிறுத்திக்கொள்கின்றோம்.

எம் வரலாற்றுக்கு வேண்டியவர்கள் வேறொரு மக்கள். டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஒரு பகுதியினர் 17ஆம் நூற்றாண்டின் இறுதி முதலே தப்பியோடிக் காட்டுக்குள் புகுந்தனர். சூரினாம் ஆற்றின் மேற்பகுதியில் ஊர்கள் அமைத்து, தேடி வந்த படைகளோடு இரண்டு தலைமுறைக்கு மேல் போரிட்டனர். இறுதியில் 1762இல் டச்சு அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்து அவர்தம் விடுதலையை ஏற்றது. சூரினாமில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1863இல்தான் என்பதை நினைத்தால், முழுமையாக நூறாண்டுக்கு முன்பே தம் விடுதலையைத் தாமே வென்றவர்கள் இவர்கள். சரமக்கா மக்கள் என்று பெயர். காடு அவர்களைக் காத்தது. அவர்களும் அதை விட்டு நீங்கவில்லை.

அந்த ஆற்றின் மேல்தான் அஃபோபாக்கா அணை எழுந்தது. சூரினாமின் மண்ணில் அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பாக்சைட் மிகுதி. அதை உருக்கி அலுமினியம் ஆக்கப் பெருமளவு மின்சாரம் வேண்டும். 1958இல் சூரினாம் அரசுக்கும் அல்கோவா என்னும் அமெரிக்க அலுமினிய நிறுவனத்தின் சூரினாம் கிளைக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. அணை கட்டி முடிந்து 1964 பிப்ரவரியில் மதகுகள் அடைக்கப்பட்டன. ஆறு பின்னோக்கி ஏறத் தொடங்கியது. இறுதியில் ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீட்டர் மழைக்காடு நீருக்குள் போயிற்று. காட்டை வெட்டி அகற்றிய பின் நீரைத் தேக்கவில்லை. மரங்கள் நின்றபடியே மூழ்கின.

இவ்வாறு நீர் மெல்ல ஏறும்போது காட்டில் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டு நிலங்கள் ஒவ்வொன்றாகத் தீவுகளாகும். மானும் பன்றியும் ஓடும், நீந்தும், சில தப்பும், சில ஒரு தீவில் அடைபட்டுப் பசியில் சாகும். பறவைகள் போய்விடும். ஸ்லோத் எங்கும் போகாது. ஆபத்து வந்தால் அசையாதிருப்பதே அதற்குக் கற்பிக்கப்பட்ட பாதுகாப்பு. நீர் ஏற ஏற அது கிளை கிளையாக மேலே ஏறும். வேர் மூழ்கிய மரம் இலையை உதிர்க்கும். முடிவில் நடுநீரில் நிற்கும் மொட்டை மரத்தின் உச்சியில், தின்ன ஓர் இலையும் இல்லாமல், மார்பில் குட்டியோடு அது தொங்கிக்கொண்டிருக்கும். நீந்தத் தெரிந்தாலும் கரை எத்திசையில் எவ்வளவு தொலைவு என்று அதற்கு எப்படித் தெரியும்?

இச்செய்தி விலங்குப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கம் ஒன்றை எட்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த, இருபதுகளின் நடுவயதினரான ஜான் வால்ஷ் என்பவரை அது சூரினாமுக்கு அனுப்பியது. அவர் உள்ளூர் ஆடவர்களைக் கூலிக்கு அமர்த்தினார். ஆற்றையும் காட்டையும் அவரைவிட நன்கறிந்த சரமக்கா மக்கள் அவர்களில் இருந்தனர். நடவடிக்கைக்குக் 'குவாம்பா' என்று பெயர் வைத்தார். இறைச்சிக்குரிய காட்டு விலங்கைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் அது. வேட்டையாடித் தின்ற விலங்கை உயிரோடு பிடித்துக் கரை சேர்க்கச் சம்பளம் கொடுக்கும் வெள்ளையரைக் கண்டு அம்மக்கள் முதலில் என்ன நினைத்திருப்பர் என்று எமக்குத் தோன்றாமல் இல்லை.

படகில் மர உச்சிகளுக்கிடையே சென்று, மரத்தின் மேல் ஏறி, கிளையைக் கவ்விய நகங்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கீழே கொண்டுவர வேண்டும். மூவிரல் ஸ்லோத் சாதுவானது. இருவிரல் ஸ்லோத் அவ்வாறன்று; அதற்குக் கூரிய பற்கள் உண்டு, கடித்தால் ஆழமாக இறங்கும். அதே மரத்தில் பாம்பும் குளவிக்கூடும் எறும்புக் கூட்டமும் அடைக்கலம் புகுந்திருக்கும். இவ்வாறு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பணி நடந்தது. முடிவில் கரை சேர்க்கப்பட்ட விலங்குகள் கிட்டத்தட்ட 10,000. அவற்றுள் ஏறக்குறைய 3,000 ஸ்லோத்துகள். மூவிரல் இனம் மட்டுமே 2,000க்கு மேல். மீட்கப்பட்ட விலங்குகளில் வேறெதுவும் இவ்வளவு இல்லை.

இவ்வெண்ணிக்கையை விலங்கியலாளர்கள் பின்னர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டனர். மழைக்காட்டில் ஸ்லோத் அரிதானது என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது கண்ணில் படுவதுதான் அரிது, தலைக்கு மேலே எப்போதும் இருந்துகொண்டிருக்கிறது என்பது விளங்கிற்று. ஓட முடிந்தவை ஓடிவிட்டதால் மிஞ்சியவற்றில் ஸ்லோத்தின் பங்கு பெருகிற்று என்பதையும் சேர்த்துத்தான் இக்கணக்கைப் படிக்க வேண்டும். வால்ஷ் தம் அனுபவத்தை எழுத்தாளர் ஒருவரோடு இணைந்து 1967இல் நூலாக்கினார்; உலகம் அதைப் பாராட்டிற்று. பாராட்டுக்கு உரியதே. அணையைக் கட்டியவர் அவர் அல்லர். கட்டியவர்கள் மறந்த ஒன்றை அவர் நினைத்தார்.

ஆனால் இவ்வரலாற்றில் இன்னொரு கணக்கும் உண்டு. மூழ்கிய நிலத்தில் சரமக்கா மக்களின் ஊர்கள் இருந்தன. ஏறத்தாழ 6,000 பேர் வெளியேற்றப்பட்டனர். ஆற்றோரம் கான்சே என்று ஒரு பெரிய ஊர். அதன் தேவாலயமும் வீடுகளும் கல்லறைகளும் நீருக்குள் போயின. அடிமைத் தளையிலிருந்து தப்பி வந்த முன்னோர்கள் அடங்கிய மண் அது. அம்மக்களை வடக்கே சாலையோரம் வரிசையாகக் கட்டிய புதிய ஊர்களில் குடியேற்றினர். வேறு சிலர் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றனர். அணை தந்த மின்சாரத்தின் பெரும்பகுதி பாரனாம் என்னுமிடத்திலிருந்த அலுமினிய ஆலைக்குப் போயிற்று. தம் ஊர் மூழ்கிக்கொண்டிருக்கும்போதே அதே நீரில் படகோட்டி ஸ்லோத்துகளை மீட்டவர்களும் அம்மக்களில் இருந்தனர். ஸ்லோத்தைப் பற்றிய செய்திகளை நாம் தேடியபோது எளிதில் கிடைத்தன. கான்சேயைப் பற்றித் தேடிய நேரம் அதைவிடப் பன்மடங்கு.

இது சூரினாமில் மட்டும் நேர்ந்ததன்று. சற்று முன்னர், 1950களின் இறுதியில், ஆப்பிரிக்காவின் சாம்பேசி ஆற்றில் கரிபா அணை நிறைந்தபோது ரூபர்ட் ஃபாதர்கில் என்னும் வனக்காவல் அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ 6,000 விலங்குகள் மீட்கப்பட்டன. அந்நடவடிக்கைக்கு அவர்கள் சூட்டிய பெயர் நோவா. அதாவது எம் நூஹ் நபியின் பெயர். அதே அணைக்காகத் தோங்கா மக்கள் 57,000 பேர் தம் பள்ளத்தாக்கிலிருந்து அகற்றப்பட்டனர். நூஹ் நபியின் கப்பலில் விலங்குகளோடு, ஊரார் இழிவாகப் பேசிய எளிய மக்களும் ஏறியிருந்தனர் என்பதை எம் மாணவர்களுக்கு நாம் கட்டாயம் சொல்லிக்கொடுப்போம். அப்பெயரைக் கடன் வாங்கியவர்கள் அப்பகுதியை விட்டுவிட்டனர்.

காட்டையும் விலங்கையும் காக்கப் புறப்படுகிறவர் அந்நிலத்து மக்களை என்ன செய்வது என்பது புதிய கேள்வி அன்று. நம் மார்க்க வரலாற்றில் ஹிமா என்றோர் ஏற்பாடு உண்டு. மேய்ச்சலுக்கும் வெட்டுதலுக்கும் வரம்பு கட்டி அரசு பாதுகாக்கும் நிலம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தகைய ஹிமா ஒன்றிற்குத் தம் பணியாளர் ஹுனைய் என்பவரைப் பொறுப்பாளராக்கினார்கள். அப்போது அவர்கள் இட்ட கட்டளையின் சாரம் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விட வேண்டும். செல்வர்களாகிய அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), உஸ்மான் பின் அஃப்ஃபான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடுவதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். செல்வரின் கால்நடை அழிந்தால் அவருக்குத் தோட்டமும் பயிரும் உண்டு; ஏழையின் கால்நடை அழிந்தால் அவர் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாயிலுக்கு வந்து நிற்பார். இன்னொன்றும் உமர் (ரலி) கூறினார்கள்: இந்நிலம் அவர்களுடையது, இதற்காக அவர்கள் முன்பு போரிட்டிருக்கின்றனர், நாம் தமக்கு அநீதி செய்துவிட்டதாக அவர்கள் எண்ணக்கூடும். அறக்கொடைக்குரிய ஒட்டகங்களையும் குதிரைகளையும் காக்க நிலத்தை ஒதுக்கிய அதே மூச்சில் இதைச் சொன்னார்கள். பாடத்தில் பலமுறை கடந்துபோன இச்செய்தி, சரமக்கா மக்களின் வரலாற்றைப் படித்த பின்தான் எமக்கு முழுமையாக உறைத்தது.

இனி அம்மக்கள் செய்ததைக் காண்போம். 1990களில் அணைக்கு மேலே அவர்களுக்கு எஞ்சியிருந்த காட்டில், அவர்களைக் கேட்காமலேயே மரம் வெட்டும் நிறுவனங்களுக்கு அரசு உரிமம் வழங்கியது. இம்முறை அவர்கள் பெயர்ந்து போகவில்லை. ஊர்த் தலைவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். எங்கே பயிரிடுகின்றனர், எங்கே மீன் பிடிக்கின்றனர், எங்கே மருந்துச் செடி பறிக்கின்றனர் என்று தம் நிலத்திற்குத் தாமே வரைபடம் தயாரித்தனர். 2000இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திற்கு முறையிட்டனர். வழக்கு கோஸ்ட்டா ரிக்காவிலுள்ள மனித உரிமை நீதிமன்றத்திற்குச் சென்று, 2007 நவம்பர் 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நிலத்தின் மேல் சரமக்கா மக்களுக்குக் கூட்டு உரிமை உண்டு. அங்கே பெருந்திட்டம் எதையும் தொடங்குமுன் அவர்களின் இசைவை, முன்கூட்டியே, உண்மை முழுவதையும் தெரிவித்து, வற்புறுத்தலின்றிப் பெற வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. வழக்கை முன்னின்று நடத்திய தலைவர் வான்சே எட்வர்ட்சுக்கும் சட்டம் பயின்ற ஹியூகோ ஜபினிக்கும் 2009இல் கோல்டுமேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

1964இல் மூழ்கிய நிலத்தைப் பற்றி அத்தீர்ப்பு முடிவு கூறவில்லை. தீர்ப்பைச் சூரினாம் அரசு முழுமையாக நிறைவேற்றவும் இல்லை. ஆயினும் இவ்வழக்கை ஸ்லோத்து மீட்பின் வரலாற்றிலேயே நாம் வைக்கின்றோம். வால்ஷும் தோழர்களும் ஒன்றரை ஆண்டில் 3,000 ஸ்லோத்துகளை மரத்திலிருந்து இறக்கினர். சரமக்கா மக்களின் வழக்கு, எண்ண முடியாத அளவு ஸ்லோத்துகளை மரத்திலேயே இருக்க விட முயன்றது. இரண்டிலும் எது பெரிய மீட்பு என்று கேட்டால் எம் விடையில் ஐயமில்லை.

ஆனால் மரத்திலேயே இருக்க விடாத இடத்தில் இறக்கத்தான் வேண்டும். அதற்கும் சூரினாமிலேயே சான்று உள்ளது. தலைநகர் பாராமாரிபோவில் வாழும் மோனிக் பூல் என்னும் பெண்மணியின் வளர்ப்பு நாய் 2005இல் காணாமல் போயிற்று. விலங்குக் காப்பகத்தைத் தொடர்புகொண்டு கேட்டபோது, தாயிழந்த ஸ்லோத்துக் குட்டி ஒன்று இருப்பதாக அறிந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் தொடங்கியது அவர் பணி. கிரீன் ஹெரிடேஜ் ஃபண்ட் சூரினாம் என்னும் அமைப்பை நிறுவினார். நகர் வளர வளர, காட்டுத் துண்டுகள் வீட்டுமனைகளாகவும் பண்ணைகளாகவும் மாற, சாலையிலும் மின்கம்பத்திலும் வீட்டு வேலியிலும் தவித்த ஸ்லோத்துகளைப் பற்றி மக்கள் அவருக்குத் தெரிவிக்கத் தொடங்கினர்.

2012 அக்டோபரில் பாராமாரிபோவுக்கு அருகே ஒரு காட்டுத் துண்டு அழிக்கப்படவிருந்தது. அங்கே பதினான்கு ஸ்லோத்துகள் இருக்கலாம் என்று எண்ணிச் சென்றனர். மரங்கள் சாய்ந்தபோது ஒவ்வொரு மரத்திலிருந்தும் வந்துகொண்டே இருந்தன. முடிவில் மீட்கப்பட்ட விலங்குகள் 200ஐத் தாண்டின. பெரும்பாலானவை ஸ்லோத்துகள், பல குட்டியோடிருந்த தாய்கள். அவர் வீடும் தோட்டமும் நிறைந்துபோயின. உடல்நலத்தோடு இருந்தவற்றை உடனுக்குடன் வேறு காட்டில் விட்டனர். காயம்பட்டவற்றையும் தாயற்றவற்றையும் வைத்துப் பேணினர். அவ்வளவு சிறிய நிலத்தில் அத்தனை உயிர்கள் ஒதுங்கியிருந்ததற்குக் காரணம், சுற்றிலும் காடு முன்னரே போய்விட்டது என்பதாகவே இருக்க வேண்டும். 1964இல் நீர் செய்த தீவை இங்கே மண்வாரி எந்திரம் செய்திருந்தது.

குட்டியைப் பேணுவது எளிதன்று. தாயின் மார்பில் மாதக்கணக்கில் தொங்கி, எந்த மரத்தின் இலையைத் தின்னலாம் என்பதைத் தாயின் வாயருகே இருந்தே கற்கும் விலங்கு அது. அக்கல்வியை மனிதர் கொடுக்க வேண்டியிருக்கிறது. மூவிரல் ஸ்லோத் இதனாலேயே அடைத்து வளர்க்க மிகக் கடினமானது. பழமும் ரொட்டியும் கொடுத்து வளர்த்துவிடலாம் என்று நினைப்பவர் கையில் அது விரைவில் இறந்துவிடும். எம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஸ்லோத்தைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் சுற்றுலாப் பயணிகளின் படங்கள் வருகின்றன. அமேசான் பகுதியில் அவ்வாறு படம் எடுக்கவென்றே காட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவை அவை. ஸ்லோத்து சிரிப்பதுபோல் தோன்றுவது அதன் முகத்தின் அமைப்பு. அஞ்சும்போதும் அதற்கு அதே முகம்தான். 1964இல் வால்ஷை அனுப்பிய சங்கம் இன்று உலக விலங்குப் பாதுகாப்பு அமைப்பு என்னும் பெயரோடு இயங்குகிறது. இப்படம் எடுக்கும் வணிகத்தை எதிர்த்து அது பேசிவருகிறது.

அஃபோபாக்கா அணையின் மின்சாரத்தை உண்ட அலுமினிய உருக்காலை 1999இல் மூடப்பட்டது. பாக்சைட் சுத்திகரிப்பும் 2015இல் நின்றது. 2020 தொடங்கும்போது அணை சூரினாம் அரசின் கைக்கு வந்தது. எந்த உலோகத்திற்காகக் காடு மூழ்கியதோ அது அங்கே இப்போது உருக்கப்படவில்லை. மரங்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. வெப்பமண்டலக் கடுமரங்கள் ஆதலால் நீருக்குள் எளிதில் மட்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏரியின் நடுவே ஆயிரக்கணக்கான சாம்பல் நிறத் தண்டுகள் இலையின்றி நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீருக்கடியில் சென்று அம்மரங்களை அறுத்து விற்கும் தொழிலும் உண்டு.

இவ்வாண்டு நூஹ் நபியின் பாடம் வந்தபோது, கேள்வி கேட்ட சிறுவன் அடுத்த வகுப்பில் இருந்தான். அவனை அழைத்து அந்த ஏரியின் படத்தைக் காட்டினோம். முதலில் அவன் மரத்தண்டுகளில் ஸ்லோத்தைத் தேடினான்; ஒன்றும் இல்லை என்றான். இருந்தவற்றில் முடிந்தவற்றை மனிதர்கள் படகில் கொண்டுபோய்க் கரையில் விட்டனர் என்று சொன்னோம். அப்படகை ஓட்டியவர்களின் ஊர் எது என்று கேட்டான். படத்தில் அந்தத் தண்டுகளுக்கிடையே தெரிந்த நீரின் மேல் விரலை வைத்துக் காட்டினோம்.